மேடைச் சுவரில் வெள்ளையடிக்கும் முன்: மண்டப நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மண்டப நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

மேடையைச் சீரமைக்கும்போது அதன் வலப்பக்கச் சுவரிலுள்ள நடிகர் திலகம் சிவாஜி கணேசனின் ஓவியம் வெள்ளையடித்து மறைக்கப்படும் என்றும், இவ்வாண்டுத் தீபாவளிக் கலை இரவில், பிள்ளைகள் அவர் படங்களின் வசனங்களை மேடையில் பேசும் வசனப் போட்டி இடம்பெறாது என்றும், அந்த நேரம் திரைப்பாடல் நடனத்துக்கு ஒதுக்கப்படும் என்றும் தங்கள் குழு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. உறுப்பினர் கூட்டத்தில் வைக்காமலே இம்முடிவு எடுக்கப்பட்டது ஒரு குறை. அந்த ஓவியமும் அந்தப் போட்டியும் இந்த மண்டபத்துக்குள் எப்படி வந்தன, எதற்காக இருக்கின்றன என்று மூத்தவர்கள் ஒருவரிடமும் விசாரிக்காமல் அவை தேவையற்றவை என்று தீர்மானித்தது அதைவிடப் பெரிய குறை. நான் இந்நகரைச் சுற்றியிருந்த பழைய ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். வசனப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கி மேடையேற்றியவர்களில் ஒருத்தி. அந்தப் பொறுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

நேரில் கேட்டபோது குழுவினர் சிலர் எனக்குச் சொன்ன காரணங்கள் மூன்று. இது வெறும் சினிமா மோகம், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகாது என்றார் ஒருவர். அந்தக் காலத்து மிகை நடிப்பை இக்காலப் பிள்ளைகள்மேல் ஏன் சுமத்த வேண்டும் என்றார் இன்னொருவர். ஒரு நடிகருக்கு மட்டும் மண்டபத்தில் இடம் கொடுத்தால் மற்ற ரசிகர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார் மூன்றாமவர்.

முதல் காரணத்தைச் சொன்னவர் அந்த நடிகரின் வாழ்க்கையை அறியாமல் சொல்லியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். 1928 அக்டோபர் 1-இல் பிறந்த வி. சி. கணேசன் சினிமாவிலிருந்து மேடைக்கு வந்தவர் அல்லர். மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் சிறுவனாக இருந்தபோது கட்டபொம்மன் கதையைக் கூத்தாகப் பார்த்து, அந்த ஆசையில் வீட்டை விட்டு யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பாய்ஸ் கம்பெனி என்று அந்நாளில் சொன்ன அந்த இடத்தில் பாட்டும் ஆட்டமும் வசனமும் ஒன்றாகவே பழக்கப்பட்டன. அடியும் உண்டு, பசியும் உண்டு. சிறு பையன்களுக்குப் பெண் வேடம் முதலில் வரும். அவரும் சீதையாக நின்று பழகியவர்தான். ஸ்திரீபார்ட்டில் நடை, குரல், பார்வை மூன்றையும் அடக்கக் கற்ற பிறகே ராஜபார்ட்டுக்குப் போக முடியும் என்பது கம்பெனி வழக்கம். அறிஞர் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் அவர் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்துப் பெரியார் அவரைச் 'சிவாஜி' கணேசன் என்று அழைத்தார். அன்று முதல் அந்த வேடத்தின் பெயரே அவருடைய பெயராயிற்று. முதல் படமான 'பராசக்தி' 1952-இல் தீபாவளிக்கு வெளிவருவதற்குள் அவர் பல ஆண்டுகளை மேடையில் கழித்துவிட்டார்.

திரையில் உச்சத்தில் இருந்தபோதும் அவர் மேடையைக் கைவிடவில்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படமாவதற்கு முன் சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்தில் சிவாஜி நாடக மன்றம் அதை 1957 முதல் ஊர் ஊராக நாடகமாக நடத்தியது. 'வியட்நாம் வீடு', 'தங்கப்பதக்கம்' ஆகியவையும் நாடகமாக நடந்த பிறகே 1970-இலும் 1974-இலும் படமாயின. 300-ஐ நெருங்கும் எண்ணிக்கையில் படங்களில் நடித்த ஒருவருக்கு மாலை வேளையில் முகத்தில் பூச்சுப் பூசிக்கொண்டு நாடகக் கொட்டகையில் நிற்க வேண்டிய பணத்தேவை இருந்திருக்காது. மேடையில் நின்று பேசுவதையே தம் தொழிலின் வேர் என்று அவர் கருதினார். நம் மண்டபமும் ஒரு மேடையைச் சுற்றிக் கட்டப்பட்டதுதான்.

இனி நம் பக்கத்துச் செய்தி. தோட்டத்தில் அந்நாளில் திருவிழாவுக்குத் திருவிழா கூத்தும் நாடகமும் நடந்தன. பகலில் பால் வெட்டிக் காண்டா வாளி சுமந்தவர்களே இரவில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கட்டினார்கள். அவர்களில் பலர் தோட்டப் பள்ளியில் சில வகுப்புகளுடன் படிப்பை நிறுத்தியவர்கள். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில், கணக்குப் பார்க்கும் கிராணிக்கும் வேலை வாங்கும் மண்டோருக்கும் முன்னால் கைகட்டி நின்று, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு முன்னால், ஒரு தமிழன் நீதிமன்றத்தில் கூண்டில் நின்று நாட்டையே குற்றம் சாட்டிப் பேசுகிற படத்தைத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டியபோது அது என்ன செய்திருக்கும் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 'பராசக்தி'யின் குணசேகரன் யார்? ரங்கூனில் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை. போர் மூண்ட நேரத்தில், மதுரையில் தங்கைக்குக் கல்யாணம் என்று கப்பலேறித் தாய்மண்ணுக்கு வந்து, வந்த இடத்தில் பணத்தையும் பறிகொடுத்துத் தெருவில் நிற்பவன். இங்கே மலாயாவில் சப்பான்காரன் ஆண்ட காலத்தில் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டுபோய்ப் பலர் திரும்பி வராத வீடுகள் நம் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் இருந்தன. கடல் கடந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று போரால் சிதறுவதைத் திரையில் பார்த்தவர்களுக்கு அது வேறு யாருடைய கதையாகவும் தோன்றவில்லை. என் தந்தையார் அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது குணசேகரன் என்று சொல்லமாட்டார். "நம்ம ரங்கூன் பையன்" என்றுதான் சொல்வார்.

அவரிடம் ஒரு கதை வசனப் புத்தகம் இருந்தது. அட்டை போய்விட்டதால் சீனிச் சாக்கிலிருந்து உருவிய நூலால் முதுகைத் தைத்து வைத்திருந்தார். அது இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் பக்கங்களில் சில சொற்களுக்குப் பின் பென்சிலால் சிறு கோடு இழுத்திருக்கும். மூச்சு எடுக்க வேண்டிய இடம் அது. சில இடங்களில் இரட்டைக் கோடு. அங்கே நிறுத்தி, எதிரே இருப்பவரை ஒரு முறை பார்க்க வேண்டும். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, சிவாஜி எங்கே மூச்சை எடுக்கிறார், எங்கே விடாமல் இழுக்கிறார் என்று தாமே கண்டுபிடித்துக் குறித்தவை அவை. விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்குடன் மரத்துக்கு மரம் போகும்போது அவற்றைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாராம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அளவே கல்வி பெற்ற ஒருவர், பின்னாளில் தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று நிர்வாகத்திடம் தண்ணீர்க் குழாய் கேட்டுப் பேசியதை நான் பிள்ளையாக இருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் எந்தப் பட வசனமும் இல்லை. ஆனால் நிறுத்தம் இருந்தது, தெளிவு இருந்தது, அஞ்சாமல் எதிரே பார்க்கும் பார்வை இருந்தது. அவருக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேறு பள்ளி எதுவும் இருக்கவில்லை.

வசனப் போட்டி இந்த வழியில்தான் வந்தது. தோட்டக் கோயில் திருவிழாவில் தொடங்கி, தோட்டம் விற்கப்பட்டு மக்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்த பின் இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. ஆசிரியையாக நான் அதில் கண்ட பயனைச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பலருக்கு லகர, ளகர, ழகர வேறுபாடு வாயில் வருவதில்லை. குறிலும் நெடிலும் கலந்துவிடுகின்றன. ஒரு நீண்ட வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியில் மலாயோ ஆங்கிலமோ வந்து நிரப்புகிறது. இலக்கணம் நடத்தி இதைத் திருத்த முயன்று களைத்த ஆசிரியர்களுள் நானும் ஒருத்தி. சிவாஜியின் உச்சரிப்பைக் கேட்டுப் பழகும் பிள்ளைக்கு அது விதியாக அல்லாமல் ஒலியாகப் போய்ச் சேருகிறது. அவர் வல்லினத்தை அழுத்துவார், மெல்லினத்தை நழுவவிடமாட்டார், வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் முடிக்கும் வினைச்சொல்லை விழுங்கமாட்டார். பிள்ளைகளைப் பழக்கும்போது நான் மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்துகொண்டு ஒலிவாங்கி இல்லாமல் பேசச் சொல்வேன். கத்தினால் சொல் உடையும். கத்தாமல் எட்டச் செய்ய வேண்டும். இதை ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ளும் நாளில் அதன் முகத்தில் ஏற்படும் மாற்றத்தைத் தாங்களும் அந்த வரிசையில் அமர்ந்து பார்த்திருந்தால் இந்த அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்காது.

ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு மாணவியை நினைவுகூர்கிறேன். புத்தகத்தில் வரிக்குக் கீழே விரல் வைத்துக்கொண்டு தடுமாறித் தடுமாறிப் படிப்பவள். 'திருவிளையாட'லில் சிவபெருமானாகச் சிவாஜியும் தருமியாக நாகேஷும் பேசும் பகுதியில் அவளுக்குத் தருமி வேடம். முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்தாள். பரிசு கிடைக்கவில்லை. போட்டி முடிந்த வாரத்தில் அந்த வசனத்தின் அச்சுப்படி வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டாள். வாயில் இருக்கும் சொற்களைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதன் பிறகு அவள் படித்த வேகம் வேறு. நடனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆடும் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. ஆனால் கலை இரவில் ஏற்கெனவே நடனத்துக்குப் பல அங்கங்கள் இருக்க, தமிழைப் பேசுவதற்கென்று இருந்த ஒரே அங்கத்தை எடுத்து அதற்குக் கொடுப்பதை எப்படி நியாயம் என்பது?

மிகை நடிப்பு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசியில் மண்தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கண்ணசைவு தெரிய வேண்டும் என்று உருவான நடிப்பு முறை அது. கட்டபொம்மனும் 'மனோகரா' படத்தின் மனோகரனும் அரசவையில் பேசுகிறவர்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல் பேசினால் அந்தப் பாத்திரமே நிற்காது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகத்தான் 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. தமிழ் தெரியாத நடுவர்களுக்கு அந்த நடிப்பு மிகையாகத் தோன்றவில்லை. அதே மனிதர் 1985-இல் 'முதல் மரியாதை'யில் கிராமத்துப் பெரியவராக வந்து, குரலை உயர்த்தாமல், பார்வையாலும் மௌனத்தாலும் ஒரு முழுப் படத்தைத் தாங்கினார். 'தில்லானா மோகனாம்பா'ளில் நாதஸ்வரம் உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்; ஆனால் சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் மூச்சு எடுக்கும் தோளும் இசையோடு இம்மியும் பிசகாமல் போகும். நம் கோயில் நாதஸ்வரக்காரர் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசும்போது அவரைக் கலைஞர் என்பதைவிடத் தம் தொழில்காரர் என்றே பேசுகிறார். ஒரே ஒரு படத்தின் ஒரே ஒரு காட்சியை வைத்து இவரை அளந்துவிடுவது நியாயம் அன்று. இவ்வளவுக்கும் இந்திய அரசின் சிறந்த நடிகர் விருது அவருக்கு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. பிரான்சு நாடு 1995-இல் செவாலியே விருதளித்தது. தாதாசாகேப் பால்கே விருதும் அதன் பின்னரே வந்தது. தக்க நேரத்தில் மதிக்கத் தவறிய அந்த வரிசையில் நம் மண்டபமும் சேர வேண்டுமா?

மூன்றாவது காரணத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. இந்நகரில் எம்.ஜி.ஆர். அவர்களை நெஞ்சில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. என் உடன்பிறந்த அண்ணனே அவர்களில் ஒருவர். எம்.ஜி.ஆரும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்தான். அவருக்கும் ஓர் ஓவியம் வேண்டும் என்று கோரிக்கை வந்தால் அதை முதலில் வழிமொழிவது நானாக இருப்பேன். இடப்பக்கச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. இருப்பதை அழித்தால்தான் எல்லாரும் சமமாவார்கள் என்பது எந்தக் கணக்கு?

வசனங்களில் அரசியலும் சமயக் கண்டனமும் இருக்கின்றன என்ற தயக்கம் குழுவுக்கு இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். 'பராசக்தி'யின் சில பகுதிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்பதைப் பழக்கும் ஆசிரியர்கள் எப்போதும் கடைப்பிடித்தே வந்திருக்கிறோம். 1952-இல் அந்த வசனங்களைப் பேசியவரே 1965-இல் சிவபெருமானாக நின்றார் என்பதால், தேர்ந்தெடுக்க நமக்குப் பரந்த இடம் இருக்கிறது. பகுதிகளைத் தங்கள் குழுவும் ஆசிரியர்களும் சேர்ந்து முன்கூட்டியே பார்த்து முடிவு செய்யலாம்.

அந்த ஓவியத்தைப் பற்றி. 2001 ஜூலை 21-இல் அவர் சென்னையில் காலமான செய்தி வந்த பிறகு, பழைய தோட்டத்து ஆட்கள் கூடி எடுத்த முடிவு அது. அப்போதே பலருக்குத் தோட்ட வேலை போய்விட்டது. தொழிற்சாலையிலும் கடைகளிலும் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். சம்பள நாளில் ஆளுக்குச் சில வெள்ளி (ரிங்கிட்) என்று சேர்த்தார்கள். பெயர்களும் தொகைகளும் எழுதிய நோட்டு இன்றும் மண்டப அலமாரியில் இருக்கிறது. தாங்கள் எடுத்துப் பார்க்கலாம். தங்கள் குழுவில் இருக்கும் சிலரின் தந்தையர் பெயர்களும் அதில் உள்ளன. முன்னாளில் திரையரங்குக்குப் பதாகை வரைந்த ஒரு பெரியவர், அரங்கு மூடப்பட்டுத் தளவாடக் கடையாக மாறியபின் வேலையில்லாமல் இருந்தவர், ஏணியில் நின்று அதை வரைந்தார். கட்டபொம்மன் வேடம், முறுக்கிய மீசை, வலக்கை வாளின் பிடியில். கூரைத் தகரம் ஒழுகியதால் தலைப்பாகையின் ஓரத்தில் வண்ணம் உப்பி உதிர்ந்திருப்பது உண்மை. வாளின் பிடியிலும் வண்ணம் இல்லை, உள்ளே சாந்து தெரிகிறது. அது மழையால் ஆனதன்று. போட்டிக்கு ஏறும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் படியில் கால் வைக்கும் முன் அந்தப் பிடியைத் தொட்டுவிட்டுப் போவதால் தேய்ந்தது. ஓவியம் பழுதாகிவிட்டது என்று அறிவிப்பில் எழுதியிருக்கிறீர்கள். பழுது பார்க்க வேண்டியது கூரை.

1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனுக்கு அந்த ஊரிலேயே தம் சொந்தப் பொறுப்பில் நிலம் வாங்கிச் சிலை எழுப்பியவர் சிவாஜி கணேசன். தாம் நடித்த ஒரு பாத்திரத்துக்கு, அந்த மனிதர் மாண்ட இடத்தில், அவர் காட்டிய மரியாதை அது. அவருக்கு நம் உழைப்பாளிகள் தம் கூலியிலிருந்து காட்டிய மரியாதை இந்தச் சுவரில் இருக்கிறது. அதை அழிக்கும் உரிமை ஓராண்டுக் குழுவுக்கு இல்லை என்பதை மரியாதையுடனும் உறுதியுடனும் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே தங்கள் குழுவிடம் நான் கேட்பவை இவை. சீரமைப்புக் குத்தகையாளர் வேலை தொடங்குமுன், வலப்பக்கச் சுவரில் கை வைக்கக் கூடாது என்று அவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். சுவரே இடிந்துவிடும் நிலையில் இருக்கிறது என்று தகுதியுள்ளவர் ஒருவர் பார்த்துச் சொன்னால், ஓவியத்தை முழு அளவில் படமெடுத்து வைத்துக்கொண்டு, புதுச் சுவரில் அதே இடத்தில் அதே அளவில் மீண்டும் வரைய ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கான செலவைத் திரட்டும் பொறுப்பை நானும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலரும் ஏற்கத் தயாராக இருக்கிறோம். வசனப் போட்டியை இவ்வாண்டுக் கலை இரவிலேயே, தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளி என இரு பிரிவுகளாக மீண்டும் சேர்க்க வேண்டும். அது நிகழ்ச்சியின் கடைசியில், கூட்டம் கலைந்த பின் நடக்கும் அங்கமாக இல்லாமல் முற்பகுதியில் இடம்பெற வேண்டும். சனிக்கிழமை பிற்பகல்களில் பிள்ளைகள் பழக மண்டபத்தைக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும். நன்கொடை நோட்டைக் கறையான் அரிக்கும் அலமாரியிலிருந்து எடுத்து, படியெடுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் வைக்க வேண்டும். 2028 அக்டோபர் 1 அவருடைய நூற்றாண்டு நாள். அதை இந்த மண்டபத்தில் ஒரு முழுநாள் நாடக விழாவாக நடத்துவதற்கு, பள்ளி ஆசிரியர்களும் பழைய தோட்டத்து மூத்தவர்களும் அடங்கிய துணைக்குழு ஒன்றை இவ்வாண்டே அமைக்க வேண்டும்.

இவற்றை விவாதிக்கச் சிறப்பு உறுப்பினர் கூட்டம் ஒன்றைச் சீரமைப்பு தொடங்கும் முன் கூட்டி, அதன் நாளையும் நேரத்தையும் அந்த அறிவிப்பு ஒட்டப்பட்ட அதே பலகையில் ஒட்டுமாறும், இம்மடலுக்கு எழுத்து மூலமாகப் பதில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு நோட்டில் பெயருள்ளவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
மண்டப உறுப்பினர்